சத்து மாத்திரை

ஜனவரி 2, வியாழன்

மருந்துக் கம்பெனிக்காரர் கொடுத்த டைரி. அட்டையில் சிறுநீரகம் படம் போட்டிருக்கிறது. தூக்கம், சாப்பாடு, மாத்திரை எல்லாவற்றையும் தினமும் இரண்டு வரியாவது எழுதிவைக்க வேண்டும் என்று மதுரை டாக்டர் சொல்லியிருக்கிறார். போன வருடம் பிப்ரவரியோடு நின்றுபோனது. இந்த வருடமும் அப்படித்தான் ஆகும்.

இந்த ஆரம்ப சுகாதார நிலையத்தில் வியாழன் என்றால் வலிப்பு நாள். எனக்கு முன்னால் இருந்த டாக்டர் ஒரு நீள நோட்டை விட்டுப் போயிருக்கிறார். முப்பத்தொரு பேர். பெயர், வயது, ஊர், எத்தனை வருடமாக, என்ன மருந்து, கடைசியாக வலிப்பு வந்த நாள். அந்தக் கடைசிக் கட்டத்தை நிரப்புவதுதான் பெரும்பாடு. யாருக்கும் தேதி நினைவில்லை, இருந்தாலும் சொல்வதில்லை.

சிங்காரம் தாத்தாவைத் தவிர. அவருக்கு அமாவாசைக்கு அமாவாசை வருகிறதாம். அதனால் அமாவாசையன்று மட்டும் மாத்திரை போடுகிறார். "மத்த நாள்ல எதுக்கும்மா வீணாக்கணும்?" என்று மிச்சத்தையெல்லாம் சேர்த்துவைத்த தகர டப்பாவைத் திறந்து காட்டினார். தினமும் போடுவதால்தான் வராமல் இருக்கும் என்று கால் மணி நேரம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அடுத்த அமாவாசை என்னைக்கு?" என்றார்.

மதியம் சாம்பார் சாதம். பஸ்ஸில் திரும்பினேன். இந்த ஊருக்கு ஸ்கூட்டி இல்லாமல் எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்று மருந்தாளுநர் தாவூது அண்ணன் இன்றும் கேட்டார். பஸ்ஸே வசதி என்றேன்.

ஜனவரி 9, வியாழன்

பாண்டிமீனா, இருபத்து மூன்று வயது, நோட்டில் வரிசை எண் 17. அம்மா ராக்கம்மாளோடு வந்தாள். இரண்டு வருடமாக வலிப்பு இல்லை. தேதியை அவளே குறித்துவைத்திருக்கிறாள். முப்பத்தொரு பேரில் ஒழுங்காக மாத்திரை போடுகிற ஒரே ஆள் அவள்தான்.

"தை பதினெட்டு கல்யாணம் டாக்டரம்மா" என்றார் ராக்கம்மாள். "மாப்பிள்ள வீட்டுக்கு நாங்க இதச் சொல்லல. நீங்கதான் ஒரு வழி சொல்லணும்."

சொல்லிவிடுங்கள் என்றேன். இது தொற்றாது, மாத்திரை போட்டால் கட்டுப்படும், பிள்ளை பெறலாம். பாடப் புத்தகத்தை ஒப்பிப்பது போல ஒப்பித்தேன்.

"ரெண்டு எடம் தானாத் தட்டிப்போச்சு. மூணாவது எடத்துல நாங்க உண்மையச் சொன்னோம். தாம்பாளத்தத் தூக்கிட்டு அப்பவே எந்திரிச்சிட்டாக. அதுக்கப்புறம் ஊரு பூரா காக்கா வலிப்புக்காரின்னு பேரு. இது வெளியூரு, தெரியாத சனம். இதையும் கெடுத்துராதீகம்மா."

பாண்டிமீனா என் பக்கம் திரும்பினாள். "மாத்திரைய நான் விடமாட்டேன் டாக்டர். ஆனா என்ன மாத்திரைன்னு கேட்டா என்ன சொல்லுறது?"

"சத்து மாத்திரைன்னு சொல்லு."

நான் யோசிக்கவே இல்லை. சொல் வாயிலேயே இருந்தது.

அட்டையைப் பார்த்தால் பெயர் தெரிந்துவிடும். அதனால் பிரித்து உதிரியாகப் போடச் சொன்னேன். வெள்ளை மாத்திரை, பார்த்தால் கால்சியம் மாதிரிதான் இருக்கும். காகித உறையில் நானே எழுதினேன்: சத்து மாத்திரை, காலை 1, இரவு 1. அவள் கையில் கொடுக்கிற சீட்டிலும் அதையே எழுதினேன். தாவூது அண்ணன் கண்ணாடிக்கு மேலாக ஒரு தடவை பார்த்தார். கேட்கவில்லை. உண்மையான பெயர் நீள நோட்டில் மட்டும் இருக்கிறது. அது என் அலமாரியைத் தாண்டிப் போகாது.

வாசல் வரை போன ராக்கம்மாள் திரும்பி வந்தார். "புளியங்காலு நர்சு ஜெயசீலிக்கும் சொல்லிராதீக. மாப்பிள்ள வீட்டுக்கு ரெண்டு வீடு தள்ளித்தான் அவுக வீடு."

சொல்லமாட்டேன் என்றேன்.

ஜனவரி 10, வெள்ளி

விசேஷமில்லை. தண்ணீர் மோட்டார் ரிப்பேர்.

பிப்ரவரி 13, வியாழன்

பாண்டிமீனா புதுத் தாலியோடு வந்தாள். கூடவே புருஷன் சோணைமுத்து. குட்டியானை வண்டி வைத்து லோடு அடிக்கிறான். டோக்கன் வரிசையில் அவளை உட்காரச் சொல்லிவிட்டு அவனே நின்றான்.

"எங்க வீட்டுச் சோத்துல சத்து இல்லேன்னு மாத்திரை குடுக்குறீகளோ டாக்டரம்மா? எங்காத்தா காதுல விழுந்தா உங்களோட சண்டைக்கு வந்துரும்" என்று சிரித்தான். பாண்டிமீனாவும் சிரித்தாள். நானும் சிரித்துவைத்தேன்.

நல்லவனாகத்தான் தெரிகிறான். சொல்லிவிடலாமா என்று நுனி நாக்கு வரை வந்தது. அடுத்த டோக்கனைக் கூப்பிட்டேன்.

மார்ச் 13, வியாழன்

மருந்து வரவில்லை. கிடங்கில் கேட்டால் அடுத்த வாரம் என்கிறார்கள். எல்லோருக்கும் பதினைந்து நாளுக்கு மட்டும் கொடுத்தோம். பாண்டிமீனாவுக்கு மட்டும் ஒரு மாதத்துக்குக் கொடுத்தேன். புருஷன் வீட்டிலிருந்து இரண்டு தடவை வர என்ன காரணம் சொல்வாள்? கேழ்வரகுக் களி கிண்டும்போது அடுப்படியில் விழுந்து கை வெந்த ஒரு அம்மாவுக்கும் பதினைந்து நாள்தான் கொடுத்தேன். அவர் ஒன்றும் கேட்கவில்லை.

மார்ச் 30, ஞாயிறு

நாகப்பட்டினத்திலிருந்து அம்மா போன். கும்பகோணத்தில் ஒரு ஜாதகம் பொருந்தியிருக்கிறது, பையன் பேங்க்கில் வேலை.

"பேசினா நல்லாப் பேசு. நீயா எதையும் ஆரம்பிச்சு வைக்காதே நீலா."

சரி என்றேன். மாத்திரை போட்டியா என்று வழக்கம்போல் கேட்டாள். போட்டேன்.

மே 8, வியாழன்

பாண்டிமீனா முழுகாமல் இருக்கிறாள். மூன்று மாதம். முகமெல்லாம் தெளிந்து அழகாக இருந்தாள்.

மருந்தின் அளவைப் பார்த்தேன், மாற்றவேண்டியதில்லை. ஃபோலிக் அமிலம் சேர்த்தேன். கர்ப்பம் என்று யார் சொன்னாலும் வெள்ளை மாத்திரையை ஒரு வேளைகூட விடக்கூடாது என்று இரண்டு தடவை சொன்னேன். மாவட்ட மருத்துவமனையில் நரம்பு டாக்டரை ஒருமுறை பார்க்கவேண்டும் என்றேன். அங்கே போனால் தெரிந்துபோகும் என்றாள்.

"இனிமே ஜெயசீலி உன் வீட்டுக்கு வருவாங்க. அவங்களுக்காவது சொல்லணும்."

என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அவுக நல்லவுகதான் டாக்டர். ஆனா என் நாத்தனாவோட ஒண்ணாப் படிச்சவுக. வேணாம் டாக்டர்."

சரி என்றேன். இந்த வருடம் நான் அதிகம் சொன்ன சொல் அதுவாகத்தான் இருக்கும்.

ஜூன் 12, வியாழன்

பாண்டிமீனா வரவில்லை.

ஜூன் 26, வியாழன்

கிராம சுகாதார செவிலியர்கள் கூட்டம். ஜெயசீலி பதினெட்டு வருட சர்வீஸ். வெயிலில் நடந்து நடந்து குடையே வெளுத்துவிட்டது. புளியங்காலில் பதினான்கு கர்ப்பிணிகள், எல்லோரும் இரும்புச் சத்து மாத்திரை எடுக்கிறார்கள் என்று வாசித்தார். பெருமையாக இருந்தது அவர் குரல்.

கூட்டம் முடிந்து டீ குடிக்கும்போது, பாண்டிமீனா எப்படி இருக்கிறாள் என்று சும்மா கேட்பது போலக் கேட்டேன்.

"நல்லாருக்கா மேடம். ரத்தம் பதினொண்ணு இருக்கு. பிரஷர் நார்மல். ஒத்த மாத்திரைங்கிறதால ஒழுங்காப் போடுறா."

நல்லது என்றேன். வடை ஆறிப்போயிருந்தது.

ஜூலை 10, வியாழன்

வரவில்லை. போன் செய்யலாம் என்று எடுத்தேன். நோட்டில் இருப்பது சோணைமுத்துவின் நம்பர். எந்த மாத்திரைக்காகக் கூப்பிடுகிறீர்கள் என்று கேட்பான். வைத்துவிட்டேன். அவள் பொறுப்பான பெண், அம்மா மூலமாக எங்காவது வாங்கிக்கொண்டிருப்பாள்.

ஜூலை 11, வெள்ளி

ஒத்த மாத்திரை என்றால் இரும்புச் சத்து மாத்திரையை மட்டும்தான் சொல்லியிருப்பார். வேறென்ன.

ஆகஸ்ட் 7, வியாழன்

காலை பத்தரை. வலிப்பு நாள் என்பதால் வராந்தாவில் இருபது பேர் உட்கார்ந்திருந்தார்கள். சோணைமுத்துவின் குட்டியானை ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டே உள்ளே வந்தது. பின்னால் தார்ப்பாயின் மேல் பாண்டிமீனா. சேலை முழுக்க ஈரம். ஊருணியில் துணி துவைக்கப் போனவள் விழுந்திருக்கிறாள். முழங்கால் தண்ணீர்தான். படிக்கட்டின் மறுபக்கத்தில் இருந்ததால் மற்ற பெண்கள் பார்க்கக் கொஞ்ச நேரம் ஆகிவிட்டது.

வண்டியிலிருந்து இறக்கும்போது மறுபடியும் வந்தது. வராந்தாவில் இருந்த யாரோ ஓடிவந்து அவள் கையில் சாவிக்கொத்தைத் திணித்தார்கள். சாவியை எடுத்தேன். ஒருக்களித்துப் படுக்கவைத்தேன். ஆக்சிஜன். ஊசி மருந்து எடு என்றேன்.

ஜெயசீலியும் வண்டியிலேயே வந்திருந்தார். "மேடம், இது கர்ப்ப ஜன்னி. மெக்னீசியம் எடுக்கவா?"

கர்ப்ப ஜன்னி என்றால் பிரஷர் ஏறியிருக்கும். இருந்தது நூற்றுப்பத்து, எழுபது. கால் வீக்கம் இல்லை. சிறுநீரில் உப்பு இல்லை. "அது இல்லை. லோராசெபாம் எடுங்க" என்றேன்.

"எப்படி மேடம் சொல்றீங்க?"

ஊசியை வாங்கிப் போட்டேன். நான்கு நிமிடத்தில் நின்றது.

மாவட்ட மருத்துவமனைக்கு எழுதிய கடிதத்தில் எல்லாவற்றையும் எழுதினேன், ஆங்கிலத்தில். சோணைமுத்து என் மேஜைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தான். அவன் சட்டையிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"என்ன டாக்டரம்மா இது? வலிப்பா?"

"சில பேருக்குக் கர்ப்பத்துல இப்படி வர்றது உண்டு" என்றேன்.

சில பேருக்கு வருவது உண்மைதான். அவன் கேட்டது அதை இல்லை.

அவர்கள் போனபிறகு சிங்காரம் தாத்தா என்னிடம் வந்து, "தெனமும் போட்டுருதேன் தாயி" என்றார். மீதி இருந்தவர்களைப் பார்த்து முடிக்க இரண்டு மணி ஆனது.

ஆகஸ்ட் 8, வெள்ளி

பாண்டிமீனாவுக்கு நினைவு திரும்பிவிட்டது. வயிற்றில் குழந்தைக்குத் துடிப்பு இல்லை.

எனக்கு அழுகை வரவில்லை. வரும் என்று நினைத்துக் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நேற்றும் தூங்கவில்லை. சாப்பிட்டேனா என்று நினைவில்லை.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

நேற்று எழுதவில்லை. நாக்கு ஓரம் கடிபட்டிருக்கிறது. இடது தோள் வலிக்கிறது. இரண்டு நாள் மாத்திரை விட்டுப்போனது. குளியலறைக் கதவை நான் தாழிடுவதே இல்லை. பக்கத்து வீட்டு அக்காவால் உடனே உள்ளே வர முடிந்தது. வழுக்கி விழுந்துவிட்டேன் என்றேன். தரை ஈரம் இல்லை என்பதை அவர் பார்த்திருப்பார்.

தயிர்சாதம். காரம் ஆகவில்லை.

ஆகஸ்ட் 14, வியாழன்

மாப்பிள்ளை வீட்டார் புகாரில் ஜெயசீலிக்கு மெமோ. என் கடிதம் மாவட்ட ஆஸ்பத்திரியைத் தாண்டி இந்த அதிகாரிகளுக்கு வரவில்லை. கர்ப்பிணியின் ரத்த அழுத்தத்தை முறையாகக் கண்காணிக்கத் தவறியது ஏன் என்று பதினைந்து நாளில் விளக்கம் தரவேண்டும். கர்ப்ப ஜன்னி என்று புளியங்காலில் ஒரே பேச்சாம். யார் சொன்னது என்று ஊரில் கேட்டால் டாக்டரம்மாவே சொன்னாக என்கிறார்களாம். நேற்று சோணைமுத்துவின் அம்மா ஜெயசீலி வீட்டு வாசலில் மண்ணை வாரித் தூற்றியிருக்கிறார்.

மெமோவை அவர் கையில் கொடுத்துக் கையெழுத்து வாங்க வேண்டியது நான். வாங்கினேன்.

ஆகஸ்ட் 18, திங்கள்

ஜெயசீலி மதியம் தனியாக வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. தன் நோட்டை என் முன்னால் விரித்துவைத்தார். ஒவ்வொரு தேதிக்கும் பாண்டிமீனாவின் பிரஷர். நூற்றுப்பத்து எழுபது. நூற்றுப்பத்து எழுபத்திரண்டு.

"நான் பார்க்காம எழுதுற ஆள் இல்ல மேடம். பதினெட்டு வருஷம். ராத்திரி பூரா யோசிச்சேன். நான் அந்தப் பிள்ளைக்கு என்ன தப்புப் பண்ணினேன்னு. ஒண்ணே ஒண்ணுதான் பண்ணிருக்கேன்."

கைப்பையிலிருந்து ஒரு காகித உறையை எடுத்து நோட்டின் மேல் வைத்தார். கசங்கியிருந்தது. உள்ளே ஏழெட்டு வெள்ளை மாத்திரை.

"மே கடைசியில இரும்புச் சத்து குடுக்கப் போனப்ப, இது இருந்துச்சு. அவ மாமியா, ரெண்டு சத்து மாத்திரை தின்னா பிள்ளை பெருத்துரும், பிரசவம் கஷ்டம்னு சொன்னாக. சத்து மாத்திரைன்னு உங்க கையெழுத்துல இருந்துச்சு. சீட்டுலயும் இருந்துச்சு. இப்ப நான் குடுக்குறதே போதும், இத நிறுத்திக்கன்னு சொல்லி உறைய வாங்கிக்கிட்டேன். அவ என்னையே பாத்துக்கிட்டு நின்னா மேடம். எதுவோ சொல்ல வந்தா. அவ மாமியா பக்கத்துலயே நின்னாக."

ஒரு மாத்திரையை உள்ளங்கையில் எடுத்து என் முன்னால் நீட்டினார்.

"இது என்ன மாத்திரை மேடம்?"

சொன்னேன்.

அவர் கத்துவார் என்று நினைத்தேன். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. நான் என்ன ஊரெல்லாம் தமுக்கா அடிக்கப் போறேன்?" என்றார். அப்புறம் உட்கார்ந்தார். வெளியே நாய்க்கடிக்கு ஊசி போட ஆள் காத்திருந்தார்கள். எழுந்துபோய்ப் போட்டேன்.

ஆகஸ்ட் 20, புதன்

உண்மையை எழுதிக்கொடுத்தால் ஜெயசீலி தப்பிப்பார். பாண்டிமீனாவின் வாழ்க்கை போய்விடும். எழுதாவிட்டால் பாண்டிமீனாவுக்குப் புருஷன் மிஞ்சுவான், ஜெயசீலிக்குப் பதினெட்டு வருடமும் போகும். இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்த்ததில் என்னைப் பற்றி யோசிக்காமலே இருக்க முடிந்தது. மறுபடி படித்தபோதுதான் கவனித்தேன்.

ஆகஸ்ட் 21, வியாழன்

சாயங்காலம் ராக்கம்மாள் வீட்டுக்குப் போனேன். பாண்டிமீனா பாயில் படுத்திருந்தாள். பால் கட்டிக்கொண்டு வலிக்கிறது என்றாள். அதற்கு என்ன செய்யவேண்டும் என்று சொன்னேன். பிறகு ஜெயசீலியின் மெமோவைப் பற்றிச் சொன்னேன்.

சுவரைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். "அக்கா வாங்கிட்டுப் போனது போக மிச்சமிருந்தத மாமியாவுக்குத் தெரியாம முறத்துக்கு அடியில ஒளிச்சு வச்சுப் போட்டேன் டாக்டர். ஒரு நாளைக்குப் பாதி பாதியா. ஜூலையில தீந்துபோச்சு. ஆஸ்பத்திரிக்குப் போறேன்னா, நர்சுதான் வீட்டுக்கே வாராகள்லன்னு சொல்லிட்டாக. நீங்க போன் பண்ணுவீகன்னு பாத்துக்கிட்டே இருந்தேன்."

ராக்கம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். உண்மையைச் சொல்ல உன் சம்மதம் வேண்டும் என்றேன்.

"எழுதிக் குடுங்க. ஜெயசீலியக்கா பாவம். அவுகளுக்கு நானே சொல்லிக்கிறேன்."

அவுகளுக்கு என்றால் சோணைமுத்துவுக்கு.

ஆகஸ்ட் 25, திங்கள்

விசாரணை. எழுதிக்கொண்டுபோனதைக் கொடுத்தேன். அதிகாரி படித்துவிட்டு, "டாக்டருக்குப் படிச்சிருக்கீங்க. ஒரு மாத்திரைக்கு இல்லாத பேரை எழுதலாமா? ஏன் அப்படி எழுதினீங்க?" என்றார்.

நோயாளியின் ரகசியம் என்று ஏதோ சொன்னேன். அது பாதிதான்.

எனக்குப் பதினான்கு வயதில் முதல்முறை வந்தது, பள்ளிப் பிரார்த்தனையில் நிற்கும்போது. அடுத்த வருடம் ஹாஸ்டலுக்கு அனுப்பும்போது அம்மா ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் மாத்திரையைக் கொட்டி, மேலே காகிதம் ஒட்டி, அவள் கையெழுத்தில் எழுதினாள். சத்து மாத்திரை. யார் கேட்டாலும் அதையே சொல்லு. பதினாறு வருடமாகச் சொல்கிறேன். காகிதம் மூன்று தடவை மாற்றிவிட்டாள், எழுத்து மட்டும் அதே எழுத்து. இப்போதும் அலமாரியில்தான் இருக்கிறது.

அந்தப் பாட்டிலில் ஒட்டியிருந்த பெயரைத்தான் அவளுக்கும் எடுத்துக் கொடுத்தேன். எனக்கு அது ஒரு கெடுதலும் செய்யவில்லை.

ஆகஸ்ட் 29, வெள்ளி

எனக்கு மெமோ வந்தது. ஜெயசீலிக்கு வந்த அதே வாசகம், நாலு சொல்லை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். அவருடையதை ரத்து செய்துவிட்டார்கள். அவரே வந்து சொன்னார். நன்றி என்றெல்லாம் சொல்லவில்லை. எனக்கும் அது நிம்மதியாக இருந்தது.

செப்டம்பர் 4, வியாழன்

டோக்கன் எல்லாம் முடிந்தபிறகு சோணைமுத்து வந்தான். கதவருகிலேயே நின்றான்.

"நீங்களே எழுதிக் குடுத்தீகளாம்ல."

"ஆமா."

"கர்ப்பத்துல வர்றதுன்னும் நீங்கதான் சொன்னீக."

"ஆமா."

அடிக்க வந்திருக்கிறான் என்று நினைத்தேன். அடித்தால் பரவாயில்லை என்றும் இருந்தது. அவன் மேஜையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டான்.

"வலிப்புன்னு தெரிஞ்சா கட்டியிருப்பேனான்னு அவ கேக்குறா. எனக்கும் தெரியல டாக்டரம்மா. கட்டியிருக்கமாட்டேனோ என்னமோ. ஆனா கட்டுனப்புறம் சொல்லியிருக்கலாம்ல? நான் உங்க முன்னாடி வந்து பல்லக் காட்டிக்கிட்டு நின்னேன்ல, அன்னைக்கு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல? ரெண்டு வேளையும் நானே எடுத்து அவ கையில குடுத்திருப்பேன்ல?"

மன்னிப்புக் கேட்டேன். அது போய்ச் சேர்ந்ததா தெரியவில்லை. அவன் போய்விட்டான்.

வீட்டுக்கு வந்து அழுதேன். ஒரு மாதம் கழித்து வந்தது.

செப்டம்பர் 7, ஞாயிறு

அம்மா போன். கும்பகோணத்தார் வருகிற ஞாயிறு பெண் பார்க்க வருகிறார்கள். அவர்களிடம் சொல்லப்போகிறேன் என்றேன். எதை என்று அம்மா கேட்கவில்லை. ரொம்ப நேரம் கழித்து, லைனில் இருக்கியா என்று மட்டும் கேட்டாள்.

செப்டம்பர் 11, வியாழன்

டோக்கன் வரிசையில் சோணைமுத்து நின்றான். முறை வந்ததும், "பாண்டிமீனாவுக்கு ஒரு மாசத்துக்கு" என்றான். அவள் வண்டியில் உட்கார்ந்திருக்கிறாளாம். இன்னும் அம்மா வீட்டில்தான் இருக்கிறாள். அவன் அம்மா இன்னும் பேசவில்லை. அதற்கு மேல் நான் கேட்கவில்லை.

தாவூது அண்ணன் பழக்கத்தில் மாத்திரையை உதிர்க்கப் போனார். அட்டையோடு கொடுக்கச் சொன்னேன்.

"கவர்ல பேர எழுதிக் குடுங்க டாக்டரம்மா" என்றான் சோணைமுத்து. "சரியான பேர எழுதுங்க."

வலிப்பு மாத்திரை, காலை 1, இரவு 1. எழுதிக் கொடுத்தேன். வாய்விட்டுப் படித்துப் பார்த்துவிட்டுச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வண்டிக்குப் போனான்.

எல்லோரும் போனபிறகு நீள நோட்டை விரித்தேன். வரிசை எண் 17-இல் கடைசிக் கட்டத்தில் ஆகஸ்ட் 7 என்று எழுதினேன். முப்பத்தொன்றுக்குக் கீழே ஒரு வரி காலியாக இருந்தது. 32. தி. நீலாயதாட்சி. வயது 31. தாவூது அண்ணன் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்துக்கொண்டு நின்றார். எத்தனை வருடமாக: 17. மருந்து என்ற கட்டத்தில் மருந்தின் பெயரை எழுதினேன்.

கடைசியாக வலிப்பு வந்த நாள்: ஆகஸ்ட் 9.